மதுரைக் கோயில் வாசலில் சியூ லிங்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகன் தனேஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, சியூ லிங், குழந்தை காமினி நால்வரும் நலம். டோஹா வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். தினமும் போனில் பேசுகிறோமே, இந்தக் கிழவனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போது எப்போதும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள், குழந்தை போனைப் பிடுங்குகிறாள், அம்மா நடுவில் புகுந்து சாப்பிட்டாயா என்கிறாள், உன் மனைவியும் அங்கேயேதான் இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு பேச முடியாத விஷயம் இது. நாங்கள் இந்தியா போய்வந்ததைப் பற்றிப் போன வாரம் நீ "மதுரை ஜாலியா இருந்துச்சாமே பா, சியூ லிங் சொன்னா" என்றாய் அல்லவா, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நடந்ததை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜாலியாகத்தான் இருந்தது, பொய்யில்லை, சாயங்காலம் வரைக்கும். காலையில் மஹால் பார்க்கப் போனோம். அந்தத் தூண்களை நீ நேரில் பார்க்க வேண்டும், நானும் சியூ லிங்கும் காமினியும் கை கோத்துச் சுற்றி நின்றும் எட்டவில்லை, அங்கே சுற்றுலா வந்திருந்த பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஓடிவந்து கை கொடுத்த பிறகுதான் வட்டம் முடிந்தது. அம்மா மட்டும் முழங்கால் வலி என்று படியில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு பெரிய அரண்மனை கட்டியவர்களுக்கு நாலு நாற்காலி போடத் தோன்றவில்லையே என்று ராஜாவையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சைவ மெஸ்ஸில் சாப்பாடு. பரிமாறியவர் சியூ லிங்கின் சீன முகத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு ஸ்பூன் கொண்டுவந்து இலையோரம் வைத்தார், அவள் அதைக் குழந்தை பக்கம் தள்ளிவிட்டு ரசம் சாதத்தைக் கையாலேயே சாப்பிட்ட சுத்தத்தைப் பார்த்து அசந்துபோய், கேட்காமலே இரண்டாம் தடவையும் ரசம் ஊற்றினார். ஜிகர்தண்டா குடித்துவிட்டு, என்ன இருந்தாலும் நம்ம ஊர்த் தேங்காய்ப்பால் செண்டோலுக்கு ஈடாகாது என்று நான் சொல்ல, "அப்புறம் ஏன் மாமா ரெண்டாவது கிளாஸ் வாங்குனீங்க லா" என்று கேட்டு கடைக்காரர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினாள்.

நீ டோஹாவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து, இந்தியா போனால் உன் பெயரில் அர்ச்சனை செய்வதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பெரிய கோயிலில் அன்று கூட்டம் அதிகம், நாளைக்குப் போகலாம் என்று சொல்லி டிரைவர் வேறொரு பழைய கோயிலுக்குக் கூட்டிப் போனார். சியூ லிங் அதற்காகவே காலையிலிருந்து புடவையில் இருந்தாள், தலை நிறைய மதுரை மல்லிகை. வரிசையில் நின்று உள்வாசல் வந்ததும் காவலுக்கு இருந்தவர் கையை நீட்டி அவளை மட்டும் நிறுத்தினார், இந்துக்கள் தவிர மற்றவர்கள் இதற்கு மேல் போகக்கூடாது, பலகை இருக்கிறது பாருங்கள் என்றார். எனக்கு முதலில் புரியவேயில்லை. நம் ஊரில் தைப்பூசத்துக்கு ரதத்தின் முன்னால் தேங்காய் உடைப்பவர்களில் எத்தனை பேர் சீனர்கள், நாம் யாரையாவது நிறுத்தியிருக்கிறோமா? பயணத்துக்கு மருந்து மாத்திரை முதல் மைலோ வரை யோசித்து எடுத்துவைத்த எனக்கு, இப்படி ஒரு கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை. இவள் என் மருமகள், கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, தனேஷ். "சார், நீங்க சொல்றத நான் நம்புறேன், உள்ள இருக்கவங்க கேட்டா என் வேலை போயிரும்" என்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அதற்குள் சியூ லிங் தானாகவே வரிசையை விட்டு விலகி, "பரவால்ல மாமா, நீங்க போங்க, நான் செருப்பு பாத்துக்கிறேன்" என்றாள்.

நாங்கள் போனோம். அதுதான் நான் உன்னிடம் சொல்ல வந்தது. அவளை வெளியே விட்டுவிட்டு, அவள் பெற்ற குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போனோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உன் பெயரில் வேண்டுதல் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே ஆயிரம் சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடமா அது! அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது உன் பெயர் சொன்னேன், அம்மா பெயர், காமினி பெயர் எல்லாம் சொன்னேன், சியூ லிங் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் எங்களையும் ஏற இறங்கப் பார்ப்பார்களோ என்று ஒரு பயம். நம் ஊர்க் குருக்கள் அவள் பெயரை எத்தனை முறை கணீரென்று சொல்லியிருக்கிறார், நான் ஒரு தடவை சொல்லக் கூசினேன். வெளியே வந்தால் அவள் செருப்புகளுக்குப் பக்கத்தில் பூக்காரப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, "நல்லா சாமி கும்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு விபூதிக்குக் கையை நீட்டினாள். அம்மா நெற்றியில் வைத்துவிட்டாள். இரவு தலைவலி என்று சியூ லிங் சாப்பிட வரவில்லை. மறுநாள் பெரிய கோயிலுக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "நாம யாருமே போகலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நின்னுருப்பேன்" என்று அம்மா இன்றுவரை என்னைத்தான் குத்துகிறாள். எனக்கு முன்னால் உள்ளே நடந்தவள் அவள்தான், ஆனாலும் அவள் சொல்வது சரி. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான். சியூ லிங் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கலக்குகிறாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, பேப்பர் எங்கே என்று கேட்டு எழுந்து வந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை, நம் வீட்டருகே இருக்கும் கோயிலுக்கு எல்லோருமாகப் போனோம். ஒன்பது வருஷமாக அவள் வந்துபோகும் கோயில், பிரசாதம் கொடுப்பவர் குழந்தைக்கு மட்டுமல்ல, இவளுக்கும் இரண்டாவது கை சுண்டல் போடுவார். நேற்று அம்மாவும் குழந்தையும் முன்னால் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் இவள் வாசற்படிக்கு வெளியே நிற்கிறாள். என்னம்மா என்றேன். "மாமா, நான் உள்ள வரலாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, விளையாட்டாகவும் கேட்கவில்லை, தெரியாத வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோலக் கேட்டாள். இது என்ன கேள்வி, வாம்மா என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன், அவளும் வந்தாள். ஆனால் கேட்டுவிட்டாளே, தனேஷ்.

நீ இதை அவளிடம் துருவித் துருவிக் கேட்காதே, அவளுக்காக என்னிடம் சண்டை போட வேண்டுமானால் போடு, வாங்கிக்கொள்கிறேன். அவளாகச் சொன்னால் மட்டும், அப்பா முன்பே எழுதிவிட்டார் என்று சொல், நான் மறைத்தேன் என்று அவள் நினைக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. குலதெய்வம் உன்னைக் காக்கும். தைப்பூசத்துக்கு லீவு கேட்க மறக்காதே, வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவள், இந்த வருஷம் எடுப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களுக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

உன் நலம் நாடும்,
அப்பா
தயாளன்