லுஜைனின் சிக்னல்

மார்ச் 3

உம் சித்ரா பகுதி ரவுண்டானாவை எடுத்துவிட்டு சிக்னல் போடவேண்டும் என்று எங்கள் போக்குவரத்துப் பிரிவின் இளம் பொறியாளர் லுஜைன் அறிக்கை கொடுத்திருக்கிறாள். என் ரவுண்டானா. நான் வரைந்தபோது அங்கே ஆடுகள்தான் மேய்ந்தன. இன்று பள்ளிக்கூடங்கள், மால், அடுக்குமாடிகள். நடுவில் நிற்கும் ஒலிவ மரங்கள்கூட நான் தேர்ந்தெடுத்தவை.

கூட்டம் முழுக்க இயக்குநர் அபூ நிஸார் அவளையே பார்த்துத் தலையாட்டினார். முடிவில் என் பக்கம் திரும்பி, "ஹனாதி, படிச்சுப் பாத்து நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மேல போகும்" என்றார்.

நான் போட்டால்தான்.

மார்ச் 4

அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

மார்ச் 7

வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சிக்னலா? நல்லதுதானே" என்றார் ஃபவ்வாஸ். "தெனமும் காலையில அங்க நான் திட்டற திட்டுக்கு எனக்கு நரகம்தான். சிவப்பு விளக்க யாரு திட்டப்போறா?"

"அத யாரு வரைஞ்சது, தெரியுமில்ல?"

"நீ நல்லாத்தான் வரைஞ்ச. ஓட்டற நாங்கதான் சரியில்ல." கொஞ்சம் பொறுத்து, "யாரு அந்தப் பொண்ணு? கெட்டிக்காரிதான் போல."

கெட்டிக்காரி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை ஒருமுறையாவது அப்படிச் சொன்னதுண்டா? இரண்டாவது தேநீரை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 10

பிடித்துவிட்டேன்! போன ரமலானில், நோன்பு திறப்பதற்கு முந்தைய நேரத்தில் வண்டிகளை எண்ணியிருக்கிறாள். அந்த நேரத்தில் ஊரில் எவனுக்குப் புத்தி இருக்கும்? வருடத்தில் ஒரு மாதத்தை வைத்து ஊருக்கே வைத்தியமா? ரவுண்டானாவில் வண்டி நசுங்கும், ஆள் சாவது அபூர்வம். சிக்னலில் சிவப்பைத் தாண்டி ஒருவன் பாய்ந்தால் போதும். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். முதல் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். நிராகரிக்க அது போதாதா?

நடைக்கூடத்தில் எதிரே வந்து, "மேடம், படிச்சீங்களா?" என்றாள். "படிக்கிறேன்" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் —

மார்ச் 18

நோன்பு. அக்கா வீட்டு இஃப்தாருக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டேன். வேறெங்கே? அங்கேதான். நாலு பக்கமும் அடைத்து, உள்ளே இருந்தவன் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவன் உள்ளே மூக்கை நுழைத்துவிட்டான். என் மரங்களைச் சுற்றி ஒரே ஹாரன். பாங்கு சொல்லிவிட்டார்கள். யாரும் நகரவில்லை.

பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடி வழியாகப் பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார். "எடுத்துக்கம்மா, இனிமே வீட்டுச் சூப்பெல்லாம் கனவுதான். இத வரைஞ்ச மகராசன் இந்நேரம் வீட்ல உக்காந்து சாப்புட்டுட்டு இருப்பான்!"

அவர் மனைவி: "நோன்பு தொறக்கற நேரத்துல யாரையும் ஏசாதீங்க."

"ஏசலடி, துவா செய்யறேன். அவனும் ஒருநாள் இங்க வந்து மாட்டணும்னு."

"ஆமீன்" என்றேன். வேறென்ன சொல்வது? பழம் நல்ல இனிப்பு.

மார்ச் 19

அறிக்கையின் மற்ற பக்கங்களைப் படித்தேன். ரமலான் அவளுக்கு ஒரு சாட்சிதான். வீடுகள் இதே வேகத்தில் பெருகினால் சீக்கிரமே எல்லா மாதத்துச் சாயங்காலமும் அப்படித்தான் இருக்கும் என்று காட்டியிருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க ஒரு வண்டிகூட நிற்பதில்லை என்பதையும். சுத்தமான வேலை. நான் செய்திருக்க வேண்டியது.

கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. நானே கொண்டுபோய் அபூ நிஸாரின் மேசையில் வைத்தேன்.

மே 22

மரங்களை வேரோடு எடுத்தார்களாம். பார்க்கப் போகவில்லை.

போனேன். காரைவிட்டு இறங்கவில்லை.

அக்டோபர் 6

சிக்னல் வந்து ஒரு மாதம். ஃபவ்வாஸ் யாரையும் திட்டுவதில்லை, விளக்கைத் திட்டுகிறார்.

லுஜைன் உம் சித்ராவில் வீடு வாங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கே ஆட்டுக்கறி மன்சஃப் விருந்து. போனில் வழி சொன்னாள்: "நேரா வாங்க மேடம், ரவுண்டானால வலது பக்கம் திரும்புங்க, மூணாவது கட்டடம்."

"எந்த ரவுண்டானா?"

"அதான் மேடம், நம்ம ஒலிவ மரத்து ரவுண்டா..." அவளே நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்மா. வந்துடறேன்" என்றேன்.