கண்ணாடிக் கதவு இப்போது வேண்டாம்

என் அன்புள்ளவளுக்கு,

ஒளிந்திருக்கும் இடத்தில் சுகமாயிருக்கிறேன். நம் தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் இன்னும் தேடுகிறது.

நாம் கூட்டிக் கட்டும் அறைக்கு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவும் கூரையில் ஆறு கண்ணாடி ஓடும் வைக்கலாமென்று தச்சுவேலைக்கு வரும் எலியா சொன்னதாக எழுதியிருந்தாய். கண்ணாடி உடையும். வெயில் உள்ளே கொளுத்தும். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு முன்னே உன்னைப் பெண் கேட்டவன் அவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் உன்னைப் பார்க்க வந்து, வீட்டையொட்டிய நம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் மறைந்து நின்றேன். "தையல் மெஷின இஞ்ச போடு. வெளிச்சம் உனக்க முகத்தில விழணுமாக்கும்" என்றான் எலியா. நீ சிரித்தாய். உன்னைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

கண்ணாடி ஓடு ஒன்று போதும்.

திங்கட்கிழமை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் சரணடையப் போகிறேன். "எலே, போராட்டம் முடியல்ல. உனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று என்னோடு ஒளிந்திருக்கும் விஜயதாஸ் சத்தம் போட்டான். வீட்டில் வேலை உண்டு என்று மட்டும் சொன்னேன்.

ஜாமீன் கிடைக்குமோ என்னவோ தெரியாது. நீ கோர்ட்டுக்கு வா. தனியாக வா.

உன் கணவன்