சீட்டுக்கு அடியில் ஒரு தேங்காய்

பிப். 6, வெள்ளி

காலையில் பனி. எட்டு மணிக்குள் வெயில் சுரீர் என்றாகிவிட்டது. பத்தாம் வகுப்பு கணக்குத் தாள் 38 திருத்தியாயிற்று. மீதி 14.

பார்த்து எழுதிய இரண்டு பேரை நிற்க வைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். வசந்தா டீச்சரிடம் பொய் செல்லாது என்று அரிமளம் ஸ்கூல் முழுக்கப் பேச்சு. கொஞ்சம் பெருமைதான்.

வாங்க: இவருக்கு மாத்திரை, சொட்டு நீலம், தொப்பி ஒன்று.

நாளை பழைய கார் கண்காட்சி. நாளை மறுநாள் ரேஸ். வீட்டில் வேறு பேச்சே இல்லை. குவைத்தை விட்டு வந்த நாளிலிருந்து இவருக்கு அந்த 1954 மாடல் கறுப்பு வண்டியோடுதான் குடித்தனம். எலும்புக்கூடாக வந்ததை எழுப்பி ஓட விட்டவர் அந்தோணி அண்ணன். ஆவூர்க்காரர், குளத்தூர் ரோட்டில் ஷெட். மாலையில் வந்து கடைசியாக ஒருமுறை பிரேக்கைப் பார்த்தார்.

“மெதிச்சா நிக்கும் சார். நான் பொறுப்பு.”

போன வருடம்தான் இவருக்கு ஸ்டென்ட் வைத்தது. அதற்குள் ரேஸ். சொன்னால் சிரிக்கிறார். “எழுவது கிலோமீட்டர் வேகத்துலதான் ஓட்டப்போறேன். நீ போற டவுன் பஸ்ஸு இதவிட வேகமாப் போகும்.”

ஸ்கூல் விட்டு நேராகத் திருக்கோகர்ணம் கோயில். முழுத் தேங்காயைச் சாமி காலடியில் வைத்து வாங்கி மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் முன்னால் வைக்கக் கூடாதாம். வண்டி பிறந்தபோது இல்லாத பொருள் எது உள்ளே இருந்தாலும் ஜட்ஜ் மார்க்கைக் குறைப்பாராம். குட்டிப் பிள்ளையாரைக் கழற்றியாயிற்று. புது ரப்பர் மேட்டையும் உருவி எறிந்தாயிற்று. தரை வெறும் தகரம்.

“உள்ள ஒண்ணும் வெக்காத வசந்தா. பூவு, எலுமிச்சம்பழம், எதுவும் ஆகாது.”

சரி என்றேன். இவர் குளிக்கப் போனதும் டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். மனதுக்கு நிம்மதி.

பிப். 7, சனி

வெயில். காலேஜ் கிரவுண்டில் நாற்பது வண்டி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிவப்பு ரெண்டு சீட்டு வண்டி, மேலே கூரையே இல்லை. ஒரு பச்சை ஜீப். துடைத்துத் துடைத்துப் பெயிண்ட்டே போய்விடும் போல ஒரு வெள்ளை வண்டி. தூசி, பஜ்ஜி வாசனை, மைக்கில் ஒரே அலறல்.

காதில் விழுந்தது:
“எங்க காலத்துல இத பிளசர்னுதான் சொல்லுவோம்.”
“மைலேஜ் என்னங்க குடுக்கும்?”
“தொடாத, அங்கிட்டு நில்லு, அங்கிட்டு நில்லு.”

ஜட்ஜ் டார்ச் அடித்துப் பார்த்தார். மீட்டர், ஸ்டீயரிங், கதவுக் கைப்பிடி. சீட்டுக்கு அடியில் குனியவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பழமை மாறாத வண்டி, இரண்டாம் பரிசு. இவர் முகத்தில் கல்யாணக் களை. அந்தோணி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் பத்தடி தள்ளியே நின்றார். போட்டோவுக்கு நான்தான் இழுத்து வந்தேன். “நகத்துல கிரீஸ் இருக்கு டீச்சர்” என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கால் வலி. தாள் திருத்தவில்லை.

பிப். 8, ஞாயிறு

மாலை 5.30. ஆஸ்பத்திரி வராண்டா. டைரி பையிலேயே இருந்தது.

ரேஸ் நடந்தது இன்னும் திறக்காத பைபாஸ் ரோட்டில். இரண்டிரண்டு வண்டியாக விட்டார்கள். முடிகிற கோட்டில் கட்டம் போட்ட கொடியோடு ஓர் ஆள். பெயர் முருகேசன், மேடைக்குப் பந்தல் போட வந்தவர். கொடி பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை என்று அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் நின்றார்.

இவருடையது மூன்றாவது ஜோடி. பச்சை ஜீப்பை முந்திவிட்டார். நான் எழுந்து கை தட்டினேன். கோட்டைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட வேண்டும். ஜீப் நின்றது. கறுப்பு வண்டியின் மூக்கு ஒரு தரம் லேசாகத் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. அப்புறம் நேராகப் போனது. முருகேசன் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடப் பார்த்தார். அவரையும் தடுப்புக்கு அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளையும் சேர்த்து அடித்துக்கொண்டு பாலத்துச் சுவரில் போய் முட்டியது.

ஓடினேன். எல்லோரும் முருகேசனைச் சுற்றி. இவரை இரண்டு பேர் கதவை நெம்பி வெளியே தூக்கினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. இவர் கால் இருந்த இடத்தில், பிரேக் பெடலுக்கும் தரைக்கும் நடுவில், மஞ்சள் துணி.

இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடுங்கினேன். வந்தது. ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை மூடினேன்.

யாரும் பார்க்கவில்லை. ஏன் எடுத்தேன்? தெரியவில்லை. கை எடுத்தது.

பிப். 9, திங்கள்

லீவு சொல்லியாயிற்று. இவருக்குக் காலில் ஆபரேஷன், கம்பி வைத்திருக்கிறார்கள். முருகேசன் இன்னும் கண் திறக்கவில்லை.

காலையில் போலீஸ் வந்து இவரிடம் கேட்டது.

“மெதிச்சேன் சார். கொஞ்சம் எறங்குச்சு, அப்பறம் கல்லு மாதிரி நின்னுருச்சு. மொத்த பலத்தையும் குடுத்து மெதிச்சேன்.”

அவர்கள் எழுதிக்கொண்டது: பிரேக் பிடிக்கவில்லை. வேலை பார்த்தது யார்? அந்தோணி. வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்களாம். முன்பக்கம் நொறுங்கி பிரேக் குழாய் எல்லாம் அறுந்து கிடக்கிறது, பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லையாம்.

மதியம் அந்தோணி அண்ணன் வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், பிரேக் போனா பெடல் பொசுக்குனு தரைக்குப் போயிரும். கல்லு மாதிரி நிக்காது. அடியில என்னமோ இருந்துருக்கு. நீங்க உள்ள ஏதாச்சும் வெச்சீங்களா? தண்ணி பாட்டில், சாமி சாமான், ஏதாச்சும்?”

முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பிள்ளைகளைக் கேட்பது மாதிரி.

“இல்லண்ணே.”

“சரிங்க டீச்சர்.” உடனே நம்பிவிட்டார்.

பிப். 10, செவ்வாய்

முருகேசன் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி பிணவறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிற போகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி. “கொடியத்தானே காட்டச் சொன்னாங்க?” என்னிடமும் கேட்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சீ.

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தேன். ஓட்டில் ஒரு பக்கம் விரிசல், பெடல் ரப்பரின் கோடு கோடான தடம். இதை ஆற்றில் விட வேண்டும், இல்லை முச்சந்தியில் உடைக்க வேண்டும். எதையும் செய்யத் துணிவில்லை. தேங்காயை ஒளிக்க வேறு இடம் ஏது, தேங்காய்க் கூடையிலேயே அடியில் போட்டேன். துணியைத் துவைத்துக் காயப் போட்டேன்.

சொல்லிவிட்டால்? என் மேல் கேஸ். வேலை போகும். இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் அந்தோணி அண்ணன். கணக்கு டீச்சருக்கு விடை தெரியாமல் இல்லை.

பிப். 11, புதன்

நாத்தனார் தமயந்தி வந்திருக்கிறாள், உதவிக்கு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இட்லி, சட்னி, டிபன் கேரியர் எல்லாம் தயார்.

“கூடையில ஒரு காய் விரிசல் விட்டுக் கெடந்துச்சு அண்ணி. கெட்டுப்போகுமேன்னு அதையே அரைச்சுட்டேன்.”

ஓடு எங்கே என்றேன். குப்பை வண்டி வந்தது, போட்டுவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் இவர் நாலு இட்லி சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இனிமேல் காட்ட ஒன்றும் இல்லை. என் வாய் ஒன்றுதான் பாக்கி. இதை எழுதும்போது ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என் மேலேயே அருவருப்பு.

பிப். 12, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

அந்தோணி அண்ணனை நேற்று முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்களாம். குளத்தூர் பக்கம் போய்வந்த தமயந்தி சொன்னாள், ஷெட் மூடிக் கிடக்கிறது, விட்டிருந்த வண்டிகளை ஆட்கள் வந்து தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று.

இவரிடம் மெல்ல ஆரம்பித்தேன். “ஒருவேளை அவர் மேல தப்பு இல்லாம இருந்தா?”

“பின்ன யாரு மேல? நான் மெதிக்கலையா? அவன நம்பித்தானே ஏறுனேன். ஒரு உசுரு போயிருச்சு வசந்தா.”

காலி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

பிப். 14, சனி

பனி. காலை எட்டரைக்கு அந்தோணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடிவிட்டது.

“அஞ்சு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன் டீச்சர். நீங்க ஒண்ணும் வெக்கலைன்னு சொல்லிட்டீங்க. அப்ப பெடல் திரும்புற பின்னுதான் எறுகியிருக்கணும். அதுக்கு கிரீஸ் வெச்சேனா இல்லையான்னு யோசிக்கிறேன். வெச்ச மாதிரியும் இருக்கு, வெக்காத மாதிரியும் இருக்கு. வயசாயிருச்சுல்ல. நாந்தான் விட்டுருப்பேன்.”

“அண்ணே…”

“ஒங்க மேல சந்தேகப்பட்டுக் கேட்டேன் பாருங்க, அதான் ரொம்ப உறுத்துது. மன்னிச்சுக்குங்க.”

சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். எழுதித் தந்துவிட்டால் நல்லது என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம். அவர் படித்தது நாலாவது. “வேற யாரும் எழுதுனா கூட்டிக் கொறைச்சு எழுதுவாங்க. நீங்கன்னா உள்ளத உள்ளபடி எழுதுவீங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தோணி ஆகிய நான். பெடல் பின்னுக்கு கிரீஸ் வைக்கத் தவறிவிட்டேன். அதனால் ஓர் உயிர் போனதற்கு நானே காரணம். வாசித்துக் காட்டினேன். மெல்ல ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்த நகங்களில் இப்போது கிரீஸ் இல்லை.

“எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்.”

காபி வேண்டாம் என்றுவிட்டார். பத்து மணிக்கு ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும், நடந்தே போகிறேன் என்றார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

இப்போது மணி ஒன்பது நாற்பது.