முப்பத்தொரு அளவு நோட்டுகள்

வீட்டுக்காரராக இருந்து மனுதாரராகிவிட்டவருக்கு,

நாற்பத்திரண்டு வருடம் நான் அளந்து, வெட்டி, தைத்த கடையை உங்கள் தனிச்சொத்து என்று விவாகரத்து மனுவில் எழுதினீர்கள். என் பெயருக்கு எதிரே "தொழில்: இல்லை" என்று போட்டீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

ஆனால் நேற்றிலிருந்து எனக்கு ஒரே சிரிப்பு.

வக்கீல் வேண்டாமென்று நூலகத்தில் சட்டப் புத்தகம் படித்தேன். முப்பத்தொரு அளவு நோட்டுகளையும் சாக்கில் கட்டி நேற்று நீதிமன்றச் சமரச அறைக்குத் தூக்கி வந்தேன். "பழைய பேப்பர் கடைக்கு வழி தப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். சமரச அதிகாரியம்மா ஒரு நோட்டைப் புரட்டியதும் கத்தியேவிட்டார். "ஐயோ, இது என் மூணாங்கிளாஸ் யூனிஃபார்ம் அளவு! இதெல்லாம் யார் எழுத்து?"

நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அவதாம்மா. எனக்கு டேப்பைப் பிடிக்கக்கூடத் தெரியாது. கல்லாவில உட்காருவேன், அவ்வளவுதான்."

அதை அவர் எழுதிக்கொண்டார். பாதிக் கடை எனக்கென்று நீங்களும் ஒப்புக்கொண்டு, அது என் பக்கம் வந்தது. பேருந்தில் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன். நடத்துனர் முறைத்தார். முறைக்கட்டும்.

இனி ஆகவேண்டியவை. திங்கட்கிழமை நீங்கள் மனுவைத் திருத்தி, என் தொழில் தையல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் காப்பீட்டில் இன்னும் நான்தான் நாமினி. அதை மகள் பெயருக்கு மாற்ற வேண்டும். கடைப் பலகையில் என் பெயரையும் சேர்க்க, பெயர்ப்பலகை எழுதுபவரை அவள் அழைத்து வர வேண்டும். கடையின் இரண்டாவது சாவியை நான் வாங்கிக்கொள்வேன்.

நேற்று பெல்ட்டால் இழுத்துக் கட்டியிருந்த அந்தப் பழுப்பு பேன்ட்டையும் கொண்டுவர வேண்டும். இடுப்பில் இரண்டு அங்குலம் இளைத்திருக்கிறீர்கள். பிடித்துத் தருகிறேன். கூலி உண்டு.

இப்படிக்கு,
பாதிக் கடைக்காரி