கடலுக்குள் இரண்டு சென்ட்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. மணலிப் பக்கத்திலிருந்து கந்தக நெடி, சன்னல் சாத்தப்பட்டது. இட்லிக்கு அரிசி ஊறவைக்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு.

இன்று எழுதிக்கொடுத்த மனுக்கள் மூன்று. முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், பிறகு கஸ்தூரியின் உறுதிமொழி. அடுத்த வீட்டுக் கஸ்தூரிக்கு எழுதியதையும் தொழிலில் சேர்ப்பதா என்று ஒரு யோசனை. முப்பத்தோராண்டுகளாக எங்கள் இருவருக்கும் ஒரே சுவர். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும்.

எங்கள் வரிசையில் வீடுகள் பதினான்கு. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் லாரிகளுக்கு வழி தேவைப்படுவதால் வரிசை முழுவதும் அகற்றப்படவுள்ளது. மாற்றாக, எண்ணூர்ப் பக்கம் அடுக்குக் குடியிருப்பில் குடும்பத்துக்கு ஒரு வீடு. அதைப் பெற ஓர் உறுதிமொழி: "எனக்குச் சொந்தமாக நிலம் ஏதும் இல்லை." பதின்மூன்று வீட்டாருக்கும் அவ்வாக்கியத்தை நானே எழுதினேன். என்னுடைய தாள் மட்டும் எழுதப்படாமல் பெட்டியில்.

கஸ்தூரி: "ஊருக்கெல்லாம் எயுதிட்டு உனுக்கு எயுதிக்க மாட்டியா? இன்னாக்கா, உன்னாண்ட நீயே கூலி கேப்பியா?"

சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தாலுகா அலுவலகம். (இனி 'அலுவலகம்'.) வாசலில் பத்தொன்பது ஆண்டுகள் மேசை போட்டு அமர்ந்தவள், இன்று உள்ளே வரிசையில் நின்றேன். எழுத்தர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க பேர்லயே பட்டா இருக்கேம்மா. ரெண்டு சென்ட். நிலம் வச்சிருக்கறவங்களுக்கு எப்படி வீடு ஒதுக்க முடியும்?"

"அந்நிலம் கடலுக்குள் இருக்கிறது ஐயா."

"கம்ப்யூட்டர்ல கடல்னு காட்டலியே. வீட்டு மனைன்னுதான் இருக்கு."

அவர்மீது குற்றமில்லை. அதை அவ்வாறு எழுதவைத்தவள் நான். யாரிடமும் கூறியதில்லை, இங்கேயாவது பதிவாகட்டும்.

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளி முடிந்தது. மளிகைக்கடைப் பொட்டலத் தாள்களில் வரும் ஏல அறிவிப்புகளையும் நீதிமன்ற விளம்பரங்களையும் படித்தே மொழி கற்றேன். 'மேற்படி', 'அதன்பொருட்டு', 'இதனால் யாவருக்கும்'. மற்றப் பெண்கள் சினிமாப் பாட்டு முணுமுணுத்த வயதில் நான் முணுமுணுத்தவை இவை. வீடு கடலில் போனபோது எனக்குப் பத்தொன்பது. தந்தை காலமானபோது இருபத்தாறு. அவர் பெயரிலிருந்த பட்டாவை என் பெயருக்கு மாற்றித் தரக் கோரி ஒரு மனு எழுதினேன். நிலம் இல்லாமற்போய் ஏழாண்டுகள் கழித்து. "மேற்படி மனை மனுதாரரின் முழு அனுபவத்தில் இருந்துவருகிறது." பொய். ஆனால் வாக்கியத்தில் எள்ளளவும் பிசகில்லை. பார்வையிட ஒருவரும் வரவில்லை. ஆணை வந்தது. என் பெயர், தட்டச்சில், முதன்முறையாக.

அன்றுதான் எழுத்தைத் தொழிலாகக் கொள்ளலாம் என்று துணிந்தேன். அதே பட்டாதான் இப்போது வாயிலில் குறுக்கே நிற்கிறது.

எழுத்தர் கூறிய வழி: நிலத்தை அரசிடம் ஒப்படைப்பதாக மனு; நில அளவர் நேரில் பார்வையிட்டு அறிக்கை; பார்வையின்போது உரிமையாளர் உடனிருந்து நான்கெல்லையையும் காட்ட வேண்டும்.

"கடலில் எவ்வாறு காட்டுவது?"

"அத நீங்களும் சர்வேயரும் பேசிக்குங்க."

பிப்ரவரி 7, சனி

ஒப்படைப்பு மனுவின் வரைவு. நான்கு முறை கிழித்தாயிற்று.

இரண்டாம் பத்தியில் வழக்கம்போல் துறைமுகத்தைக் குறிப்பிட்டேன். கடலரிப்பு குறித்து இவ்வூருக்காக நான் எழுதிய எல்லா மனுக்களிலும் இப்பத்தி உண்டு. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது மணலின் இயல்பு. ஆங்கிலேயர் தம் கப்பல்கள் அலையின்றி நிற்பதற்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினர். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. ஆகவே கடல் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இங்கேயும் தெருத் தெருவாக எடுத்துக்கொண்டது. மெரினாவில் மாலைநேரத்தில் சுண்டல் தின்றபடி மக்கள் அமரும் அத்தனை அகலமான மணலில் எங்களுக்கு வரவேண்டியதும் கிடக்கிறது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள். சுவர் போகவில்லை. அதன்பின் வந்தவர்களும் அதை நீட்டினார்களே ஒழிய, நிறுத்தவில்லை.

இப்பத்தியை ஒவ்வோர் அதிகாரியும் அடித்துவிடுவார். ஒருவர் மட்டும் உரக்கப் படித்தார். "வெள்ளைக்காரன் மேல மனுவா? இத எந்தக் கவுண்டர்ல குடுப்பீங்க?" அலுவலகமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

நிலப்படமும் ஆங்கிலேயர் போட்டதே. அதில் கடற்கரை ஒரு நேர்க்கோடு. இன்றைய படங்களும் அதன்மேல் எழுந்தவை. எனவே அலுவலகத்தில் எங்கள் தெரு இன்னும் இருக்கிறது, கடலில் போன மூன்று தெருக்களும் இருக்கின்றன.

'சமூகம் அவர்களுக்குத் தாழ்மையுடன்' என்று தொடங்கினேன். இவையும் அவர்கள் மேசைக்காகப் பிறந்த சொற்களே என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நாற்பதாண்டுகளாக நான் குடியிருப்பது இவற்றுக்குள்.

பிற்பகல் கறிவேப்பிலை வாங்க மறதி.

பிப்ரவரி 8, ஞாயிறு

கஸ்தூரி போய்விட்டாள். குட்டியானை வண்டி ஒன்று. ஏற்றப்பட்டவை: கட்டில், கிரைண்டர், இரும்புப் பீரோ (கதவு கயிற்றால் கட்டி), மூன்று பிளாஸ்டிக் குடம், மாமனார் படம், துளசித் தொட்டி.

"வந்துருவல்லக்கா? எங்க பிளாக்குலயே கேட்டு வாங்கு. நான் யாராண்ட பேசறது சொல்லு, புதுசா வர்றவளுங்க எவளோ எவளோ."

வருவேன் என்றேன். வண்டி திரும்பும்வரை நின்றேன்.

மாலையில் பழக்கத்தால் சுவரை இருமுறை தட்டினேன். தேநீர் போட்டால் அவ்வாறு தட்டுவது வழக்கம். தட்டிய பிறகே நினைவு வந்தது. இரு குவளைத் தேநீரையும் நானே அருந்தினேன்.

பிப்ரவரி 11, புதன்

நில அளவர் வந்தார். இளம்பெண். விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு. பை நிறையக் காகிதம், கையில் கைபேசி. கல் கரைமீது இருவரும் ஏறினோம். கைபேசிப் படத்தில் என் மனை ஒரு சிறு கட்டம். நாங்கள் நின்ற இடம் நீலப் புள்ளி. கட்டம் புள்ளிக்குக் கிழக்கே, அலைகளுக்கு அப்பால்.

"ஆத்தாடி. இம்புட்டுத் தூரம் போயிருச்சாம்மா?"

விதிப்படி எல்லை காட்ட வேண்டும் என்றேன். தவிர்த்துவிட அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். "ஓரத்துல நின்னு கையக் காட்டுங்கம்மா, போதும்." இசையவில்லை. விதி என்றால் விதி. இவ்வளவு பிடிவாதம் எனக்கே வியப்பு.

சாலையில் வலை பின்னிக்கொண்டிருந்த தேசப்பன் கேட்டுவிட்டார். ஃபைபர் படகு வைத்திருப்பவர். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்கால நிவாரண மனு என் கையால்தான்.

"எயுத்தக்கா வூடா? அத்த நான் காட்றேன். வாரத்துக்கு ரெண்டு தபா எங்க வலை அங்கதான் மாட்டிக்கினு கியியுது."

நில அளவர் விழித்தார். நானும்.

"அங்க நாங்க இன்னா பேரு வச்சிக்கிறோம் தெரிமாக்கா? எயுத்தக்கா பாரு."

பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, மீன் தங்குமிடம். வீட்டுச் சுவர்கள் விழுந்து கிடப்பதில் பாசியும் சிப்பியும் பிடித்து, சங்கரா மீன் அங்கே கூட்டமாக நிற்கிறதாம். எத்தனை ஆண்டுகளாக இப்பெயர் என்று கேட்டேன். "எங்க நைனா காலத்துலருந்து. அவுரு உங்கப்பா பேர சொல்வாரு. நாங்க உன் பேர வச்சிட்டோம்."

இவ்வளவு நாளும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஆறு மணி. கடல் அமைதி. படகில் தேசப்பன், நில அளவர், நான்.

கடற்கரையில் பிறந்தும் நான் படகேறியதில்லை. எங்களுடையது கடற்றொழில் குடும்பமன்று. தந்தை துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பகலெல்லாம் அவர் அச்சுவரின் நிழலில் உழைத்தார், இரவில் அச்சுவர் அனுப்பிய கடல் அவர் வாசலைத் தட்டியது. அவர் அதை அறிந்தவரல்லர். நான் அறிந்தபோது அவர் இல்லை.

புறப்பட்ட சிறிது நேரத்தில் குமட்டல். இருமுறை வாந்தி. நில அளவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நெடுநாளுக்குப் பின் என் நெற்றியில் ஒரு கை.

தேசப்பன் கைபேசியைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார். கோயில் கோபுரத்தைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும் நேர்க்கோடு ஒன்று. தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளியும் நேர் மற்றொன்று. இரண்டு நேரும் கூடுமிடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வூட்டாண்ட வந்துட்டோம். எறங்குறியா?"

கயிற்று நுனியில் இரும்புக் குண்டு கட்டி இறக்கினார். ஆழம் அதிகமில்லை. கயிற்றை என் கையில் கொடுத்து, "இயுத்து வுடு" என்றார். இழுத்து விட்டேன். மணலென்றால் மெத்தென்று இருக்குமாம். மெத்தென்று இல்லை. டொக். இன்னொரு முறை. டொக்.

சமையலறைச் சுவரா, கூடத்துச் சுவரா, தெரியவில்லை.

நில அளவர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கம்மா, நாலெல்லை." பத்திரம் மனப்பாடம். அமர்ந்தபடி கைநீட்டிச் சொன்னேன். கிழக்கே பனைமரமும் அதற்கப்பால் கடற்கரைப் புறம்போக்கும். மேற்கே பொதுத்தெரு. வடக்கே தையற்காரர் முனுசாமி வீடு. தெற்கே செபஸ்தியம்மாள் காலிமனை. ஒவ்வொரு பக்கமும் ஒரே நீர். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் எழுதினார். "அளவுக்கல் காணப்படவில்லைன்னு மட்டும் போட்டுக்கிடுதேன்மா."

திரும்பும்போது தேசப்பன்: "ஒப்படைச்சிட்டினா, இனிமே வலை போட நாங்க கவர்மெண்டாண்ட கேக்கணுமா?"

"இதுவரை என்னிடம் கேட்டீரா?"

"நீ இன்னா, தாழ்மையுடன் மனு போடுன்னுவ. அதான் கேக்கல."

வயிறு வலிக்கச் சிரித்தேன். குமட்டலும் சேர்ந்துகொண்டது. வீடு வந்து இவற்றைக் கூற எவருமில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

அறிக்கை அலுவலகம் சேர்ந்தது. 'நிலம் நிரந்தரமாக நீரில்.' நல்ல வாக்கியம். நான் எழுதியிருந்தால் 'மூழ்கியுள்ளது' என்று முடித்திருப்பேன்.

வரிசையில் பதின்மூன்று வீடுகளின் கதவு, சன்னல் கழற்றப்பட்டாயிற்று. காற்று வீடு வீடாகப் புகுந்து வருகிறது. ஒரு பூனை, பெயர் தெரியாது, கஸ்தூரியின் அடுப்படியில் குட்டி போட்டிருக்கிறது. பால் வாங்க வேண்டும்.

கஸ்தூரி தொலைபேசினாள். தாமதமாக வருவோருக்குக் கடைசி பிளாக்தானாம். அவளுடையதிலிருந்து கால் மணி நடை. "அன்னிக்கே கையெயுத்துப் போட்டுருந்தினா பக்கத்துக் கதவு. இப்ப பாரு." அவள் குரலில் கோபம். எனக்காக ஒருவர் கோபப்படுவது நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, புதன்

வெயில். அலுவலகம், பதினொரு மணி.

என் மனு தேவைப்படவில்லை. அதற்கென அச்சுப் படிவம் உண்டாம். துறைமுகப் பத்தியை இம்முறை அடிக்கக்கூட இல்லை. தாளையே ஓரமாக வைத்துவிட்டனர். படிவத்தின் வாசகம்: "மேற்படி நிலத்தின்மீது எனக்கோ என் முன்னோருக்கோ எக்காலத்திலும் எவ்வித உரிமையும் இருந்ததில்லை."

"'இல்லை' என்பது சரி. 'இருந்ததில்லை' என்பதை நீக்கித் தருவீர்களா?" எழுத்தரிடம் கேட்டேன்.

"பிரிண்டட் ஃபாரம்மா. அடிச்சா செல்லாது."

"இருந்ததே ஐயா. நில அளவர் அறிக்கையிலேயே நான்கெல்லை இருக்கிறது."

"இருந்துச்சுன்னா நீங்க நிலம் உள்ளவங்க. வீடு கிடையாது. எதுன்னு சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்குது."

வெள்ளிக்கிழமை எங்கள் வரிசையை இடிக்கிறார்கள். போக வேறிடம் இல்லை. பேனா மூடியைத் திறந்தேன். என் கையொப்பம் நானே பழகியது. ஏல அறிவிப்பின் ஓரங்களில், இரண்டு மாதம். 'வடிவாம்பாள்' என்று முழுமையாக, ளகரத்தின் வால் கீழே சுழித்து. பொய்யான வாக்கியத்துக்கு அதை ஒருமுறை தந்தேன், நிலம் உண்டென்று. இதற்குத் தர இயலாது.

பேனாவை மூடினேன். மைப்பெட்டி கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"கைநாட்டு."

"இன்னாம்மா காமெடி. ஊருக்கே எழுதிக் குடுக்கறவங்க நீங்க."

"எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று குறித்துக்கொள்ளுங்கள்."

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மைப்பெட்டி வந்தது. இடது பெருவிரல். அதன் கீழே அவரே எழுதினார்: 'இது எழுத்தறிவற்ற வடிவாம்பாள் என்பவரின் ரேகை.'

எழுத்தறிவற்றவருக்குப் படிவத்தை உரக்கப் படித்துக்காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் விதி. நின்றுகொண்டே படித்தார். வரிசையில் இருந்த அனைவரும் கேட்டனர். அவர்களில் நால்வருக்காவது நான் எழுதிக்கொடுத்தவள்.

இரண்டிடங்களில் பிழையாகப் படித்தார். நான் திருத்தவில்லை.