டிரெஸ்ஸிங் நேரத்துப் பாட்டு

மே 11, ஞாயிறு

ஜன்னலுக்கு வெளியே மணல் காற்று. சவூதியின் இந்த ஜுபைல் நகரமே தெரியவில்லை. பிளான்ட்டில் நீராவி அடித்த இடது கால், முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புண். ஆஸ்பத்திரியில் தினமும் டிரெஸ்ஸிங். ஊசி போட்டும் வலி. நேற்று கத்திவிட்டேன்.

இன்று ஷீபா என்ற மலையாளப் பெண் வந்தார். கையில் சின்ன கிட்டார். மியூசிக் தெரபியாம். "சேட்டனுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லணும்."

சித்ரா சமைக்கும்போது முனகும் சினிமாப் பாட்டைச் சொன்னேன். கல்யாணமான புதிதிலிருந்து அது எங்கள் பாட்டு.

மதியம் தயிர், ஆப்பிள். மீனைத் தொடவில்லை.

மே 12, திங்கள்

கட்டைப் பிரிக்கும்போது ஷீபா பாடினார். முதலில் என் மூச்சின் வேகத்துக்கு. பிறகு மெல்ல வேகத்தைக் குறைக்க, மூச்சும் கூடவே இறங்கியது. வலி இருந்தது. கத்தவில்லை.

பக்கத்துப் படுக்கை குல் ஜமான். பாகிஸ்தானில் பெஷாவர்காரர், டிரெய்லர் டிரைவர். கையில் தீக்காயம். பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

மே 14, புதன்

வீடியோ காலில் சித்ரா. போனைச் சாய்த்து வைத்து வெங்காயம் நறுக்கினாள். வழக்கம்போல அந்தப் பாட்டை முனகினாள். என் கால் வெட்டி இழுத்தது. ஏசி அறையில் முதுகெல்லாம் வியர்வை.

"பாடாத."

"ஏங்க, என்னாச்சு?"

"பாடாதன்னு சொல்றேன்ல."

கட் பண்ணிவிட்டாள்.

சார்ஜர் வேலை செய்யவில்லை. கேம்ப்பில் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

மே 15, வியாழன்

சித்ராவை நானே கூப்பிட்டேன். அந்தப் பாட்டைக் கேட்டாலே கட்டைப் பிரிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன்.

"அப்ப நம்ம பாட்ட அந்த ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க. வேற எதையாவது பாடச் சொல்லுங்க."

ஷீபாவிடம் சொன்னேன். "சிலருக்கு அப்படி ஆகும் சேட்டா. எந்த ஞாபகமும் இல்லாத பாட்டு வேணும்." எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டுக்கும் ஏதோ ஒரு ஞாபகம்.

ஷீபா ஹிந்தியில் குல் ஜமானிடம் விஷயத்தைச் சொன்னார். "அச்சா" என்றார் அவர். எனக்கு டிரெஸ்ஸிங் தொடங்கியதும் படுத்தபடியே தன் தாய்மொழியான பஷ்தோவில் பாட ஆரம்பித்தார். கரகரத்த குரல். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதுவே வசதி.

மே 17, சனி

இன்று வெளியே புழுக்கமாம். குல் ஜமானுக்குப் புதுத் தோல் ஒட்டிய இடத்தில் கட்டுப் பிரிக்கும் நாள். என்னைப் பார்த்து, "பாய், தும் பீ காவோ." நீயும் பாடு என்கிறார்.

நான் பாடினதே இல்லை. வாயைத் திறந்தால் எங்கள் பாட்டுதான் வருகிறது. அதைத் தர மனமில்லை. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் எங்கள் பக்கத்து மதுரை பஸ் நிற்கும் ஊர்களை இழுத்து இழுத்துப் பாடினேன். விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், கப்பலூர், திருப்பரங்குன்றம். மதுரை போய்த் திரும்பியும் வந்தேன். ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டார் வாசித்தார். குல் ஜமான் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டார். கண்ணோரம் நீர்.

முடிந்ததும் கேட்டார், காதல் பாட்டா என்று.

ஆமாம் என்றேன்.