இருபது நிமிடம் கழித்து வரும் கரகர

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மருந்துக் கடையில் மதிய ஷிஃப்ட். பதினொன்று வரை லேப்டாப்போடு மல்லுக்கட்டு.

கச்சேரியில் நான் வாசிக்கிற கீபோர்டில் சத்தம் தரும் போர்டு போய் ஒரு மாதம் ஆகிறது. கட்டைகள் மட்டும் உயிரோடு. அதை லேப்டாப்பில் செருகி, சத்தத்தை லேப்டாப்பிலிருந்து எடுக்கிறேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், விண்டோஸ் இல்லை, இலவச லினக்ஸ். கட்டையை அழுத்தினால் சத்தம் ஒரு கண்சிமிட்டு கழித்து வருகிறது.

நேற்று ரிகர்சலில் மானம் போயிற்று. டிரம்ஸ் அந்தோணி எல்லார் முன்னாடியும், "அக்கா, நீங்க பின்னாடியே வர்றீங்க" என்றான். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துவது மணி சார். கிளம்பும்போது, ஞாயிறு துறையூர் ரிசப்ஷன், வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பதினொரு வருஷமாக நான் நிற்கிற இடம். அழுகை வந்துவிட்டது, ஆட்டோவில் ஏறிய பிறகு.

செவ்வாய்

தாமதத்துக்குக் காரணம் கிடைத்தது. பஃபர். சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்புகிற இடம். அது பெரிசாக இருந்தால் தாமதம். ரொம்பச் சின்னதானால் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கி, கரகர. என்னுடையது 1024இல் இருந்தது. 128 வைத்தேன். உடனே கரகர.

ஆடியோ வேலைக்கு முதல் மரியாதை தர என் பெயரை லினக்ஸுக்குள் ஒரு குரூப்பில் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். பலனில்லை. லினக்ஸைத் திட்டித் தீர்த்தேன். சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து திரும்ப வர வேண்டும் என்று நெட்டில் பார்த்த குறிப்பின் கடைசி வரியில் போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள்.

வாங்க வேண்டியது: சின்ன வெங்காயம், ஊதுபத்தி, மாமாவுக்கு பி.பி. மாத்திரை.

புதன்

வெயில். அப்பாடா.

லாக்-அவுட் செய்து வந்தேன். அழுத்தினால் அப்போதே சத்தம்! பழைய கீபோர்டே திரும்பி வந்தது போல. மூன்று பாட்டு வாசித்தேன். சமையல் மறந்தேபோச்சு.

இருபது நிமிடம். பிறகு கரகர. நிறுத்திவிட்டு அரை மணி கழித்து வாசித்தால் நன்றாக இருக்கிறது. திரும்ப இருபது நிமிடம், திரும்பக் கரகர.

சந்தேகம் ர. மேல். (வீட்டுக்காரர். ஆட்டோ. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பில் வீடியோ பார்ப்பார்.) எதையாவது டவுன்லோட் செய்து கெடுத்துவிட்டீர்கள், இனி தொடக்கூடாது என்று கத்தினேன். சட்டையை மாட்டிக்கொண்டு திருவானைக்காவல் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அது இன்னும் எரிச்சல்.

ரொம்ப நேரம் ஓடினால் லேப்டாப்பில் சந்தன வாசம். பூஜை அலமாரி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அதனால் இருக்கும்.

வியாழன்

வைஃபை நிறுத்திப் பார்த்தேன். யூ.எஸ்.பி. ஓட்டையை மாற்றிப் பார்த்தேன். பிரவுசரை மூடினேன். ம்ஹூம்.

சூடு காட்டுகிற புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். 60, 75, 88, 96 டிகிரி. அந்த இடத்தில் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. அதே நொடி கரகர. ஃபேன் கத்துகிறது, ஆனால் பின்பக்கம் கை வைத்தால் காற்றே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். காற்று போகிற வரி வரியான இடத்தில் மூன்று விரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை. வைத்தது நான். மூடியில் வைத்தால் கறை, கட்டையில் வைத்தால் பிசுபிசுப்பு என்று யோசித்து யோசித்து, யார் கண்ணிலும் படாத இடமாகப் பின்பக்கம் வைத்தேன். பன்னீர் விட்டுத் தாராளமாகக் குழைத்தது வேறு. உள்ளே வழிந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. உடனே நேற்று கத்தினது ஞாபகம் வந்தது.

வெள்ளி

காலையில் காப்பி கொடுத்துவிட்டு ர.விடம் சொல்லிவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சந்தனத்தை நீ வச்சுட்டு, பழியை எனக்கு வச்சியா?" தப்புதாங்க என்றேன். அதோடு விட்டார். நல்ல மனுஷன். நானாக இருந்தால் ஒரு வாரம் இழுத்திருப்பேன்.

ஆட்டோ ஸ்க்ரூ டிரைவரால் அவரே அடிமூடியைக் கழற்றினார். பழைய டூத் பிரஷ்ஷால் நான் சுரண்டினேன். ஃபேன் இறக்கையிலிருந்து மஞ்சள் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தேன். 68ஐத் தாண்டவில்லை. மணி சாருக்கு போன் செய்து, வருகிறேன் என்றேன். சரிம்மா என்றார், நம்பாத குரலில்.

ஐப்பசி 15, ஞாயிறு

துறையூர். மண்டப ரூமில் எழுதுகிறேன். பந்தி காலியாகக் காத்திருக்கிறோம்.

தொடங்குவதற்கு முன் வழக்கம்போல மணி சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பொட்டு. டிரம்ஸ், கிட்டார், அடுத்து என் லேப்டாப். கை நீள்கிறது. கீழே முதல் வரிசையில் இருந்த ர. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்கே ஏறிவிட்டார். "சார், அதுக்கு வேணாம். இவங்களுக்கு வைங்க."

மணி சார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

இருபதாவது நிமிடத்தில் கை தானாகத் தயங்கியது. ஒன்றும் வரவில்லை. வாசித்தேன். இரண்டு மணி நேரம்.

இப்போதுதான் அந்தோணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்றாவது பாட்டில் ஏதோ இழுத்ததே, கவனித்தாயா என்று கேட்டேன். 

குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அது நான்தான்க்கா. நீங்க சரியாத்தான் போனீங்க."